கொலவெறியும் கோர்ட்டு உத்தரவும்

2011 நவம்பரில் ஒரு தமிழ்ப் பாட்டு, முழுசாக வேலை முடியும் முன்பே இணையத்தில் கசிந்தது. படக்குழு தலையில் கைவைத்து உட்காராமல், அவசர அவசரமாக அதை முறைப்படி யூடியூபில் வெளியிட்டது. ‘ஒய் திஸ் கொலவெறி டி’ அதன் பிறகு போன தூரம் எல்லோருக்கும் தெரியும். அந்த டிசம்பரில் ஜப்பான் பிரதமருக்கு மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்கு தனுஷுக்கும் அழைப்பு வந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம். ஆளுக்கு ஆள் லிங்க் அனுப்பியதால், காப்பியடித்ததால், கிண்டலாகத் தங்கள் மொழியில் மாற்றிப் பாடியதால் கிடைத்தது அது.

நாலு மாதம் கழித்து, அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் வெளிவந்தது. அதை யாரும் திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றிவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினார்கள். ‘தம்மு’ என்ற தெலுங்குப் படத்துக்கும் அதேபோல ஒன்று. இந்த வகை வழக்கில் எதிராளி யாரென்று தெரியாது. படம் வந்தால்தானே திருடன் வருவான். அமெரிக்காவில் இந்த முகமில்லாத எதிராளிக்கு ‘ஜான் டோ’ என்று பெயர். நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் ‘அசோக் குமார்’. எத்தனை வழக்குகளில்தான் அந்த அசோக் குமார் மாட்டிக்கொண்டிருக்கிறாரோ! ஆனால் உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர்கள் இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள். அவர்கள் எந்தப் பக்கத்தில் எந்தக் கோப்பு என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. 2012 மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின், பைரேட் பே என்று தளங்களையே கொத்தாக மூடினார்கள். உள்ளே போனவர்களுக்குக் கிடைத்தது வெள்ளைத் திரையில் ஒற்றை வரி ஆங்கிலம்: நீதிமன்ற உத்தரவின்படி இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, எந்தத் தேதி, யாரிடம் முறையிடுவது? எதுவும் இல்லை.

வாளையாறு செக்போஸ்ட்டில் ஒரு லாரியில் ஸ்பிரிட் பிடிபட்டால் லாரியைப் பறிமுதல் செய்வார்கள். கோவை–பாலக்காடு ரோட்டையே மூட மாட்டார்கள். இங்கே மூடியது ரோட்டை.

இது நடப்பதற்குச் சில மாதம் முன்புதான், 2012 ஜனவரி 18 அன்று, ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருட்டானது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருந்த சோபா, பிபா என்ற இரண்டு மசோதாக்களுக்கு எதிரான போராட்டம் அது. திருட்டுப் படம், திருட்டுப் பாட்டு வைத்திருப்பதாகச் சொல்லப்படும் வெளிநாட்டுத் தளங்களை முடக்கவும், அவற்றுக்குப் போகும் விளம்பரக் காசை வெட்டவும் அந்த மசோதாக்கள் வழிசெய்தன. யாரோ ஒரு பயனர் போட்ட கோப்புக்குத் தளம் முழுக்கப் பலியாகும் என்பதுதான் எதிர்த்தவர்களின் பயம். அந்தக் கறுப்புப் பக்கம் 16 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். இரண்டே நாளில் மசோதாக்கள் கிடப்பில் போயின.

அங்கே எதிர்க்க ஒரு மசோதா இருந்தது, பெயர் இருந்தது, வாக்கெடுப்புக்கு ஒரு தேதி இருந்தது. இங்கே அதே காரியத்தைச் செய்ய மசோதாவே தேவைப்படவில்லை. ஓர் இடைக்கால உத்தரவு போதுமாக இருந்தது. போராட வந்தவர்களுக்கு யாரைப் பார்த்துக் கத்துவது என்பதே குழப்பம். 2012 ஜூன் 9 அன்று மும்பை, பெங்களூரு உட்படப் பல நகரங்களில் ‘அனானிமஸ்’ என்ற ஹேக்கர் கூட்டத்தின் பெயரில் இளைஞர்கள் கை ஃபாக்ஸ் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார்கள். அதே அனானிமஸ் அரசுத் தளங்களையும் சில நிறுவனங்களின் தளங்களையும் தாக்கி முடக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. தளத்தை மூடாதே என்று சொல்பவன் இன்னொரு தளத்தை மூடுவது என்ன நியாயம்? காரியம் நடந்தது வேறு இடத்தில். இணைப்பு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போக, ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் தெளிவுபடுத்தியது. படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல. எந்த முகவரி என்பதைப் படக்காரர்களே தெரிவிக்க வேண்டும்.

சென்னை கோர்ட்டு உத்தரவுக்கும் கேரளத்தில் இருக்கும் தமிழர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோபாலபுரத்திலோ போடிமெட்டிலோ கொஞ்ச நேரம் நின்றால் புரியும். கேரளத்துக்குள் நின்றுகொண்டிருப்போம், போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருக்கும். நாலு எட்டு வைத்தால் திரும்பிவிடும். அது ரேஞ்ச் சமாசாரம். தடை உத்தரவுக்கு அந்த நாலு எட்டும் கிடையாது. நாடு முழுக்க இணைப்பு தரும் நிறுவனம் சென்னையில் ஒரு பொத்தானை அழுத்தினால் கொழிஞ்சாம்பாறையிலும் மூடும், வண்டிப்பெரியாறிலும் மூடும்.

இந்த எல்லை ஊர்களுக்கு அதில் கூடுதலாக ஒரு நஷ்டம். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது பாலக்காட்டை அடுத்த சித்தூர் வட்டாரத்திலும், தேவிகுளம், பீர்மேட்டு மலைகளிலும் இருந்த தமிழர்கள் கேரளத்தோடு நின்றார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்வழிப் பள்ளி உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ்ப் பட்டப்படிப்பு உண்டு. அதில் மூணாறு கல்லூரி 2018 மழையில் நிலச்சரிவுக்குக் கட்டடங்களைப் பறிகொடுத்தது. கேரளத்தில் நூலகத்துக்குப் பஞ்சமே இல்லை, தமிழ் அலமாரிதான் சின்னது. மறையூரிலோ காந்தளூரிலோ இருக்கும் மாணவிக்கு ஒரு பழைய தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை இறங்க வேண்டும். அங்கேயும் கிடைக்குமென்று சொல்ல முடியாது. கையில் இருக்கும் போன்தான் அவளுக்கு நூலகம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ்.

இந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் லாப நோக்கமில்லாமல் நடக்கும் அந்தக் காப்பகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் மலைபோலக் குவிந்திருக்கின்றன. பக்கம் பழுப்பேறி, ஏதோ ஊர் வாசகசாலையின் ஊதா முத்திரையோடு, சில பக்கங்களில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலும் சேர்ந்தே விழுந்திருக்கும். பதிப்பாளர் கைவிட்ட புத்தகங்கள் அங்கே உயிரோடு இருக்கின்றன. 2017 ஆகஸ்டில் இந்தியாவில் அந்தத் தளமே திறக்கவில்லை. காரணம், இரண்டு இந்திப் படங்கள்: ஷாருக்கானின் ‘ஜப் ஹாரி மெட் செஜல்’, ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’. படக் கம்பெனிகள் நீட்டிய பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அந்தக் கும்பலில் ஆர்க்கைவும் மாட்டிக்கொண்டது. தங்களுக்கு முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று காப்பகத்துக்காரர்கள் அதிர்ந்து போனார்கள். முழுத் தளத்தை மூடக் கூடாது என்று 2012-ல் இதே நீதிமன்றம் சொன்னதை ஐந்து வருஷத்தில் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பிறகு திறந்தார்கள். ஷாருக்கான் படத்துக்கும் ஒரு தமிழ் மாணவியின் படிப்புக்கும் இப்படி ஒரு முடிச்சு விழும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

படம் எடுக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வட்டிக்குப் பணம் வாங்கி, வீட்டை அடகு வைத்து எடுத்த சின்னப் படம் வெள்ளிக்கிழமை மதியமே போனில் வந்துவிட்டால் அந்தத் தயாரிப்பாளர் எழுந்திருக்க முடியாது. அந்தக் கோபம் பொய்யில்லை. கோபம் போய் விழும் இடம்தான் தப்பாக இருக்கிறது. 2012-ல் கேரள போலீஸின் திருட்டு சிடி தடுப்புப் பிரிவு, ‘பேச்சிலர் பார்ட்டி’ மலையாளப் படத்தை இணையத்தில் பகிர்ந்ததாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறிவைத்தது. பெரும்பாலும் சும்மா பதிவிறக்கிப் பார்த்தவர்கள். மூன்று வருஷம் கழித்து ‘பிரேமம்’ கசிந்தது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் மாதக்கணக்கில் ஓடிய படம் அது. விசாரித்துக்கொண்டே போனால், திருவனந்தபுரத்தில் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்த தற்காலிக ஊழியர்கள் கைதானார்கள். ஓட்டை இருந்தது தொழிலின் உள்ளே. 2018-ல் ‘தமிழ்ராக்கர்ஸ்’ என்ற திருட்டுப் படத் தளத்தின் ஆட்கள் என்று விழுப்புரம் வரை வந்து கேரள போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தளம் வேறு பெயரில் தொடர்ந்து ஓடியது. பெயர் மாற்றத் தெரிந்த திருடனுக்கு முகவரித் தடை ஒரு பொருட்டே இல்லை. ஒரே முகவரியில் இருபது வருஷமாக நேர்மையாக இருக்கும் காப்பகம்தான் அடிபடும்.

விசாரிக்காமலே இணையத்தில் நீக்குவதையும் முடக்குவதையும் நாடாளுமன்றத்தில் கேள்வியாக்கியவர் ஒரு கேரள எம்.பி. என்பதை இங்கே பலர் மறந்துவிட்டார்கள். 2011 ஏப்ரலில் மத்திய அரசு இடைநிலை நிறுவனங்களுக்கான, அதாவது பிறர் போடும் உள்ளடக்கத்தைத் தாங்கும் தளங்களுக்கும் இணைப்பு நிறுவனங்களுக்குமான, விதிகளைக் கொண்டுவந்தது. காப்புரிமை மீறல் தொடங்கி ‘ஆட்சேபகரமானது’ வரை யார் புகார் செய்தாலும் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. கேட்க நீதிபதி வேண்டாம், எழுதியவருக்குத் தகவல் வேண்டாம். பெங்களூரிலுள்ள இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் ஒரு சோதனை செய்து பார்த்தது. வேண்டுமென்றே ஓட்டைப் புகார்களை ஏழு நிறுவனங்களுக்கு அனுப்பியது. ஆறு நிறுவனங்கள் கேட்டதற்கும் மேலேயே நீக்கிக் கொடுத்தன. பயந்தவன் கை அப்படித்தான் வேலை செய்யும். இந்த விதிகளை ரத்து செய்யக் கோரி, அப்போது மாநிலங்களவையில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராஜீவ் தீர்மானம் கொண்டுவந்தார். 2012 மே 17 அன்று விவாதம். பா.ஜ.க.வின் அருண் ஜேட்லி எழுந்து ஆதரித்துப் பேசினார். அந்தக் காட்சியை இன்று நினைத்துப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. கலந்து பேசுவோம் என்று அமைச்சர் கபில் சிபல் வாக்குக் கொடுத்ததோடு சரி.

அதே மே மாதம் காப்புரிமைச் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி போய்ச் சேர வழி செய்தது, பார்வையற்றவர்கள் படிக்கும் வடிவத்தில் நூல்களை மாற்ற அனுமதித்தது. நல்ல விஷயங்கள். கூடவே ஒரு பிரிவு: உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் 21 நாள் உள்ளடக்கத்தை முடக்கி வைக்க வேண்டும், அதற்குள் அவர் கோர்ட்டு உத்தரவு கொண்டுவராவிட்டால் திறந்துவிடலாம். 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேச்சைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும், கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவையும் தூக்கியெறிந்தது; உள்ளடக்கத்தை நீக்கக் கோர்ட்டு அல்லது அரசு உத்தரவு வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் காப்புரிமைப் புகாருக்கு அது பொருந்தாது என்று அடுத்த ஆண்டே டெல்லி உயர் நீதிமன்றம் மைஸ்பேஸ் வழக்கில் பிரித்துவிட்டது. ஆக, பேச்சை நீக்கக் கோர்ட்டு அல்லது அரசு உத்தரவு தேவை. படத்தை, பாட்டை நீக்கப் புகார் கடிதமே போதும். இரண்டுக்கும் நடுவே நிற்பவைதான் நையாண்டி வீடியோ, பட விமர்சனம், ஆசிரியர் பாடத்துக்கு வெட்டிச் சேர்த்த காட்சி.

தமிழர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு, சினிமா உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948-ல் ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு பாரதி பாட்டைச் சேர்க்க, நோட்டீஸ் பறந்தது. பாரதி பாட்டைப் பாட யாரிடமும் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர்கள் கொதித்து, பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்பு வைத்துப் போராடினார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையைக் கையில் எடுத்தது. பிறகு அது மக்கள் சொத்தானது. எழுத்தாளரின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து எழுத்தை நாட்டுடைமையாக்கும் வழக்கம் அங்கிருந்துதான் தமிழ்நாட்டில் வந்தது. காப்புரிமையை ஒழிக்காமலே எழுத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட ஏற்பாடு. மதுரைத் திட்டத்தில் இன்று சட்டத்துக்குப் பயப்படாமல் படிக்கக் கிடைக்கும் நூல்களில் பல அதனால் வந்தவை.

கேரளம் தன் பங்குக்கு வேறொன்று செய்தது. 2001-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். பிறகு அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் லினக்ஸுக்கு மாறின, எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகள் உட்பட. காப்பியெடுத்து அடுத்தவனுக்குக் கொடு என்று உரிமமே சொல்லும் மென்பொருளில் கம்ப்யூட்டர் பழகிய பிள்ளைகள் இவர்கள்.

புதிய சட்டங்களின் கதையும் பாதி நல்லது, பாதி கவலை. 2021-ல் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்த வரைவு வந்தபோது, தணிக்கையான படத்தைத் திரும்ப அழைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும் பகுதியைக் கமல்ஹாசனும் சூர்யாவும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2023-ல் சட்டமானபோது அந்தப் பகுதி இல்லை. பொது வரைவு, கருத்துக் கேட்புக்குத் தேதி, எதிர்ப்பு என்று மூன்றும் இருந்ததால் நடந்தது அது. ஆனால் திருட்டுப் படத்துக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், படச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் நின்றன. அந்த நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதிகாரிகளை நியமித்து, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் தளங்களிலிருந்து நீக்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது. இதற்குக் கோர்ட்டு வாசற்படி மிதிக்க வேண்டாம். இன்னொரு பக்கம் டெல்லி உயர் நீதிமன்றம், இன்னும் எடுக்கப்படாத படங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே பாதுகாப்பு தரும் உத்தரவு வரை போய்விட்டது.

இந்தக் கதையில் கேரள அரசுக்கு இப்போது ஓர் இரட்டை வேடம். 2019-ல் ஒரு கல்லூரி விடுதி வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், இணையம் கிடைப்பது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் கேரள அரசின் இணைய இணைப்புத் திட்டமான கே-ஃபோன் திறக்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவிப்பு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயக் குடியிருப்புக்கும் ஒரு நாள் அந்த வயர் வரும் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு தருபவர் அரசே என்றாலும், தடைப் பட்டியல் வந்தால் அவரும் மூடித்தான் ஆக வேண்டும். எந்த உத்தரவின்படி, எந்தத் தளம், எத்தனை நாளைக்கு என்று கே-ஃபோன் தன் வலைத்தளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் போட முடியும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2012-ல் அந்த விதிகளை எதிர்த்து எழுந்த பி. ராஜீவ் 2021-ல் கேரளத்தின் சட்ட அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர். இந்தக் கோரிக்கையை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.