லட்சத்தில் ஓர் அணு

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் சில லட்சம் வெள்ளணுக்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்று அணுக்களில் மட்டும் 14ஆம் குரோமோசோமின் துண்டும் 18ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டியிருக்கலாம். ஃபாலிகுலர் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் கண்டவர்களில் சுமார் 85 சதவீதத்தினரிடம் இருப்பது இதே மாற்றம்தான். ஆனால் எந்த நோயும் இல்லாத பெரியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் இது தென்படுகிறது!

இதன் தொடக்கம் எலும்பு மஜ்ஜையில். நமக்கு மொத்தமே ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். எதிர்கொள்ள வேண்டிய கிருமிகளுக்கோ கணக்கில்லை. அதனால் ஆன்டிபாடி தயாரிக்கும் பி அணு என்ற வெள்ளணு ஒவ்வொன்றும், உருவாகும்போதே தன் 14ஆம் குரோமோசோமைத் தானே வெட்டுகிறது. அங்கே வரிசையாக உள்ள துண்டுகளில் சிலவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத் தனக்கென்று ஒரு செய்முறை எழுதிக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆன்டிபாடி வகைகள் பிறப்பது இப்படித்தான்.

வெட்டுப்பட்ட அந்த நேரத்தில் 18ஆம் குரோமோசோமும் உடைந்திருந்தால் முனைகள் மாறி ஒட்டிவிடலாம். 18இல் இருந்து வந்து சேர்வது பிசிஎல்-2 என்ற மரபணு. அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளாமல் தடுப்பது அதன் வேலை என்று 1988இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். காய்ச்சலின்போது நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர் முடிச்சுகளுக்குள் பி அணுக்களுக்குக் கடும் தேர்வு நடக்கிறது. தேறாதவை மடிய வேண்டும் என்பதால் அங்கே பிசிஎல்-2 அணைக்கப்படும். இடம் மாறிய பிசிஎல்-2 அணைவதில்லை. திருவிழாவுக்கு இழுத்த லைனில் மாட்டிய வீட்டு விளக்குபோல, ஆன்டிபாடி மரபணுவின் விசையில் எரிந்துகொண்டே இருக்கிறது. வேகமாகப் பெருகுவதால் மட்டுமல்ல, சாக மறுப்பதாலும் புற்று வரும் என்பது அன்று புதிய செய்தி.

லட்சத்தில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பிசிஆர் சோதனையில் இரண்டு சிறு டிஎன்ஏ துணுக்குகளை விடுகிறார்கள். ஒன்று 14இல் ஒட்டும், மற்றது 18இல் ஒட்டும். இரண்டும் ஒரே குரோமோசோமில் எதிரெதிராக அமைந்தால்தான் நகல் இரட்டிக்கும். இயல்பான அணுவில் அவை வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றும் நடக்காது. தவறாக ஒட்டிய இடமோ, 30 முறை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டிவிடும்.

ஐரோப்பாவில் பல ஆண்டுகளுக்கு முன் சேமித்து உறையவைத்த ரத்த மாதிரிகளில் இப்படி எண்ணிப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் இத்தகைய அணுக்கள் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இந்த லிம்போமா வரும் வாய்ப்பு 23 மடங்கு. நோய் தெரிவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே தடயம் ரத்தத்தில் இருந்தது.

23 மடங்கு என்றதும் பதற வேண்டாம். மேற்கு நாடுகளிலேயே ஆண்டுக்கு லட்சம் பேரில் சிலருக்குத்தான் இந்நோய் வருகிறது. அதை 23ஆல் பெருக்கினாலும் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். காரணம், இடமாற்றம் முதல் படி மட்டுமே. சாகாமல் தங்கிவிட்ட அணுவில் வேறு மரபணுக்களும் அடுத்தடுத்துப் பழுதாக வேண்டும். எனவே, மருத்துவர்கள் இன்று இதை எல்லோருக்குமான சோதனையாகப் பரிந்துரைப்பதில்லை. அந்த அடுத்த பழுதுகளையும் ரத்தத்திலேயே பிடிக்க முடிந்தால், அப்போது இந்த எண்ணிக்கைக்கு வேறு மதிப்பு வரும்.