வைஃபை சிக்னல் ஃபுல், ஆனா பிரிண்டர் ‘ஆஃப்லைன்’: ஐபி முகவரி மோதல் ஏன் வருது, எப்படிச் சரிபண்றது?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இன்சுலேட்டர் பெட்டிகள் லாரியில் ஏற்றியாச்சு. வெளிமாநிலம் போகும் சரக்கு, மதிப்பு 50 ஆயிரம் ரூபாய்க்கு மேல். இன்வாய்ஸும் இ-வே பில்லும் டிரைவர் கைக்குப் போகணும். கம்ப்யூட்டரில் எல்லாம் ரெடி. பிரிண்டர் மட்டும் ‘ஆஃப்லைன்’ என்கிறது.

“ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா” என்று ஒரு குரல் வரும். பண்ணினால் சில நேரம் சரியாகிவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதை. திட்டு வாங்குவது என்னவோ நெட் கம்பெனிக்காரர்!

பெரும்பாலும் தப்பு அவர் மேல் இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐபி முகவரி விழுந்திருக்கலாம். நம்ம ஊர்த் தெருக்களில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ குழப்பத்தில் ஒரே கதவு எண் இரண்டு வீட்டில் தொங்குமே, அதே சங்கதிதான். “192.168.1.20 யாருப்பா?” என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது இரண்டு பேர் “நான்தான்” என்கிறார்கள். யார் பதில் மனதில் நிற்கிறதோ அவருக்கே பில் போகும். ஒரு நேரம் பிரிண்ட் வருவதும், ஒரு நேரம் வராததும் இதனால்தான்.

சரி, காலையில் மட்டும் ஏன்? முகவரிகளைப் பிரித்துக் கொடுப்பது ரூட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி. பிரிண்டரை மாட்டியவர் 192.168.1.20 என்று கையால் போட்டுவிட்டுப் போயிருப்பார். அது ரூட்டருக்குத் தெரியாது. இரவு பிரிண்டர் அணைந்திருக்கும்போது அந்த எண் யாரோ ஒருவரின் மொபைலுக்குப் போய்விடும். முகவரியை எடுக்கும் முன் “இது யாரிடமாவது இருக்கா?” என்று கருவிகள் விசாரிக்க வேண்டும் என 2008-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் அணைந்து கிடக்கும் பிரிண்டர் எப்படிப் பதில் சொல்லும்?

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. பிரிண்டரை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து அதன் முகவரிக்கு ‘பிங்’ கொடுங்கள். அப்போதும் அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால், அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். பதில் வராவிட்டாலும் சந்தேகத்தை விடாதீர்கள். ஃபயர்வால் உள்ள சில கம்ப்யூட்டர்கள் பிங்குக்கு வாய் திறக்காது. ரூட்டரின் செட்டிங்கில் இணைந்த கருவிகளின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வும் அங்கேயேதான். ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கி, பிரிண்டரை ‘ஆட்டோ’வுக்கு மாற்றிவிடுங்கள். அல்லது டிஹெச்சிபி 50-லிருந்து 254 வரை மட்டும் கொடுக்கட்டும். பிரிண்டர், கேமரா எல்லாம் 50-க்குக் கீழே இருக்கட்டும். கேமராவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்கள் பெட்டியிலிருந்து வரும்போதே ஒரே முகவரியோடு வரலாம். ஒவ்வொன்றாக மாட்டி எண்ணை மாற்றணும்.

ஆபீஸ் முழுக்க நெட் படுத்துவிட்டதா? சிக்னல் எட்டவில்லை என்று யாராவது வீட்டில் கிடந்த பழைய ரூட்டரைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் 192.168.1.1 என்றால் மெயின் ரூட்டரோடு நேருக்கு நேர் மோதும். அதற்கு 192.168.1.2 என்று எண் கொடுத்து, அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, கேபிளை ‘லேன்’ துளையில் சொருகினால் வேலை முடிந்தது.