எட்டு நொடிக்கு ஒரு ப்ராம்ப்ட்

சிம்போசியம் வந்தாலே ப்ரோமோ வீடியோ வேணும். முன்னெல்லாம் கேமரா வெச்சிருக்கிற சீனியரைத் தேடுவோம், இப்போ நேரா ஏஐ டூலைத் திறக்கிறோம். "மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவன், சோகம், சினிமாட்டிக்" என்று அடித்தால் வீடியோ வரும். நாம நினைச்சது வராது. நாலு தடவை திரும்ப முயற்சி பண்ணினா இலவச கிரெடிட்டும் காலி.

ஏன் இப்படி? இந்த மாடல்களில் பெரும்பாலானவை டிஃப்யூஷன் முறையில் இயங்குகின்றன. சிக்னல் போன பழைய டிவி திரை மாதிரி வெறும் புள்ளிகளில் தொடங்கி, நம்ம வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் படத்தை வெளியே எடுக்கும். நாம சொல்லாமல் விட்ட இடத்தை, பயிற்சியில் அதிகம் பார்த்ததை வைத்து அதுவே நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் வெறும் "பஸ்" என்றால் ஏதோ ஒரு வெளிநாட்டு பஸ் வந்து நிற்கிறது.

"சோகம்" என்பதைக் கேமராவால் பிடிக்க முடியாது. குனிந்த தலையைப் பிடிக்கலாம். ஆகவே கதையைச் சொல்லாதீங்க, கண்ணில் படுவதைச் சொல்லுங்க. இப்படி:

"மாலை, மழை. தமிழ்நாட்டுச் சிற்றூர். தகரக் கூரை போட்ட பஸ் நிறுத்தம். நீலக் கட்டம் போட்ட சட்டையில் இருபது வயது மாணவன், மடியில் கறுப்புப் பை. பஸ் வரும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிகிறான். கேமரா மெதுவாக அவனை நோக்கி நகர்கிறது. கூரையில் மழை விழும் சத்தம் மட்டும்."

இதில் ஒரே இடம், ஒரே செயல், ஒரே கேமரா அசைவு. கூகுள் 2025 மே மாதம் வெளியிட்ட வியோ 3 சத்தத்தையும் சேர்த்தே உருவாக்கும், ஆனால் ஒரு கிளிப் எட்டு நொடிதான். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மொத்தம் 192. அதற்குள் அவன் எழுந்து, பஸ் ஏறி, ஜன்னல் சீட் பிடித்து, நண்பனைப் பார்த்துச் சிரிக்கணும்னு கேட்டா பாதியில் பை காணாமல் போகும். அது நாலு ஷாட், நாலு ப்ராம்ப்ட். முந்தின கிளிப்பில் சட்டை என்ன நிறம் என்று புது ப்ராம்ப்டுக்குத் தெரியாது. ஆளைப் பற்றிய வரியை அச்சு பிசகாம எல்லாவற்றிலும் ஒட்டுங்க.

"கூட்டம் வேண்டாம்" என்று எழுதினால் சில நேரம் கூட்டமே வந்து நிற்கும். "காலியான நிறுத்தம்" என்று எழுதிப் பாருங்க.

கிரெடிட் மிச்சம் பண்ண ஒரு வழி: முதலில் ஒரே ஒரு படம் உருவாக்குங்க. அது திருப்தியான பிறகு அதையே முதல் ஃப்ரேமாகக் கொடுத்து, ப்ராம்ப்டில் அசைவை மட்டும் எழுதுங்க. சரியா வரலைன்னா ஒரு நேரத்தில் ஒரு வார்த்தையை மட்டும் மாத்துங்க, லேப்ல ஒரு வேரியபிளை மட்டும் மாத்துற மாதிரி. மொத்தத்தையும் மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

தமிழ்த் தலைப்பை வீடியோவுக்குள் எழுதச் சொல்லாதீங்க, எழுத்து பெரும்பாலும் உடைஞ்சுதான் வரும். அதை எடிட்டிங்ல போட்டுக்கலாம். அப்புறம், எச்ஓடி முகத்தை வெச்சுப் பேச வைக்கலாமான்னு யோசிக்கிறவங்க, முதல்ல அவர்கிட்ட போய் அனுமதி கேளுங்க.