தோள் கொடுத்த பெரியோர்: தும்பா சொல்லும் பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டிச் சென்றால் தும்பா என்னும் மீனவச் சிற்றூரை அடையலாம். அங்குள்ள புனித மரிய மகதலேனாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. புவியின் காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அருகில் செல்வதால், மேல்வளிமண்டலத்தை ஆராய இதுவே தக்க இடம் என்று டாக்டர் விக்ரம் சாராபாய் தேர்ந்தார். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் ஊர் மக்களும் இசைந்து இடமளித்தனர். வழிபாட்டுக் கூடம் ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் அறை வரைபட அறையாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது.

அன்று அங்கே பணியாற்றிய இளம் பொறியாளர்களுள் ஒருவர் இராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். வயது முப்பத்திரண்டு. விமானப்படையில் விமானியாகச் சேரும் கனவு கைகூடாமல் போனவர். பறவை பறக்கும் விதத்தைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று விளக்கிய தம் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரே வானியல் பொறியியல்பால் தம்மை ஈர்த்தவர் என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார். அந்த ஆசிரியர் மூட்டிய ஆர்வத்திற்குச் சாராபாய் ஒரு களம் அமைத்தார். அனுபவம் குறைந்த இளைஞர்களிடம் பெரும் பொறுப்புகளை ஒப்படைப்பது சாராபாயின் இயல்பு. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் அவர் காலமானபோது, அவர் வார்த்த இளைஞர் அணி தும்பாவில் நிலைபெற்றிருந்தது.

ஒரு தோல்வி, ஒரு துணை

வழிகாட்டியின் உண்மையான மதிப்பு வெற்றி நாளில் புலப்படுவதில்லை. 1979 ஆகஸ்டு 10 அன்று கலாமின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, சில நிமிடங்களில் வங்கக் கடலில் வீழ்ந்தது. ஏவுமுன் கணினி எச்சரித்தும், வல்லுநர்களின் கருத்தை ஏற்று மேற்செல்ல முடிவு செய்தவர் தாமே என்று கலாம் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். பல ஆண்டு உழைப்பும் மக்களின் வரிப்பணமும் கடலில் கரைந்த நாள் அது. திட்ட இயக்குநரின் எதிர்காலமே கேள்விக்குறியாகியிருக்கக்கூடும்.

விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவரான பேராசிரியர் சதீஷ் தவான் செய்தியாளர்களை எதிர்கொண்டார். பழியைத் தாமே ஏற்றார். தம் அணியின் மீது நம்பிக்கை உண்டென்றும், அடுத்த ஆண்டு வெற்றி உறுதியென்றும் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவூர்தி 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்குமாறு தவான் கலாமையே அனுப்பினார். தோல்வியைத் தலைவர் தாங்கினார். வெற்றியை அணிக்கு அளித்தார். தலைமைப் பண்பு பற்றிப் பேசும்போதெல்லாம் கலாம் இந்நிகழ்வையே எடுத்துரைத்தார்.

தொடரும் சங்கிலி

கற்றதைக் கலாமும் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. குடியரசுத் தலைவராக இருந்தபோதும் பின்னரும் நாடெங்கும் மாணவர்களைச் சந்தித்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றும்போதே மறைந்தார். எல்லைக்கு அப்பால் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்து திருவனந்தபுரத்தின் விண்வெளி மையங்களுக்கு வந்த கே. சிவனும் வி. நாராயணனும் முறையே 2018, 2025 ஆம் ஆண்டுகளில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றனர். அருகில் ஒரு நல்ல முன்மாதிரி இருந்தால், எளிய குடும்பத்து இளைஞனும் 'என்னாலும் இயலும்' என்று துணிகிறான்.

நாம் செய்யக்கூடியது

வாசகர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், அரசு அலுவலர்களும், பொறியாளர்களும் பலர் இருப்பர். பொதுப்பணிக்கு வர விரும்பும் இளைஞர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எந்தத் தேர்வு எழுதுவது, விண்ணப்பத்தை எவ்வாறு நிரப்புவது, நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்பவற்றைச் சொல்லித்தர ஆளின்றித் தயங்குவோர் அவர்களுள் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குவோம். முதல் தேர்வில் தோற்ற இளைஞனின் வீட்டுக்குச் சென்று, 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், தம்பி' என்று சொல்வோம்.

சேமிப்பின் பயன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியது. ஓர் இளைஞனுக்கு அளிக்கும் நேரத்தின் பயனோ ஊருக்கே உரியது. அடுத்த முறை திருவனந்தபுரம் செல்லும் அன்பர்கள், தம் பிள்ளைகளோடு தும்பா தேவாலயத்தையும் கண்டு வருவார்களாக.