குசினிக் கழிவிலிருந்து கூட்டெரு

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது கூட்டெருவின் அருமை கமக்காரர் யாவர்க்கும் விளங்கிற்று. ஆயினும் வேலணை வீடுகளிற் பல குழிகள் கைவிடப்பட்டுள்ளன. குற்றம் வீட்டாருடையதன்று, குழி வேலியோரத்தில் இருப்பதே. நாள்தோறும் அவ்வளவு தூரம் யார் நடப்பார்?

குசினி வாசலில் மூடியுள்ள வாளியொன்றை வைத்தல் வேண்டும். மரக்கறிக் கழிவு ஒரு பங்காயின், காய்ந்த சருகோ வைக்கோலோ இரு பங்கு தூவுக. நாற்றமும் இலையானும் குறையும். வாளி நிறைந்தபின் குவியலிற் சேர்த்தாற் போதும். மீன்கழிவை நடுவே ஆழப் புதைக்காவிடின் நாய்கள் கிளறும். கருவாடு கழுவிய நீர் ஆகாது.

தீவகத்திற் சுண்ணாம்புப்பாறை மேலாகவே கிடப்பதால் குழிக்கசிவு கிணற்று நன்னீரைக் கெடுக்கும். ஆதலாற் கிணற்றுக்குத் தொலைவில், நிலத்தின்மேற் கிடுகடைத்துக் குவிப்பதே நன்று. கையாற் பிழிந்தால் நீர் சொட்டாத ஈரம் போதுமானது. இடையிடையே கிளறிவரின், சில மாதங்களிற் கறுத்து மண்வாசனை வீசும். அப்போது கத்தரிப் பாத்திக்கு இடலாம்.