சி.ஏ புத்தகம் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் இதைப் பாருங்க!

2013 ஜனவரியில் சி.ஏ ஃபைனல் தேர்வு முடிவு வந்தபோது, அகில இந்திய அளவில் முதலிடம் பிடித்த பெயர் பிரேமா ஜெயக்குமார். மும்பை மலாடில் ஆட்டோ ஓட்டும் தமிழரின் மகள். 800-க்கு 607 மதிப்பெண். கூடவே படித்த தம்பி தன்ராஜும் அதே முறை பாஸ். குடும்பத்தின் பூர்வீகம் சங்கராபுரம் பக்கம் பெரியகொள்ளியூர். அன்று விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம்.

'ஆட்டோக்காரர் பொண்ணு சி.ஏ-வில் ஃபர்ஸ்ட்' என்ற செய்தி இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. ப்ளஸ் டூ-வில் காமர்ஸ் எடுத்த பிள்ளைகள் சி.ஏ என்று வாயெடுத்ததும், வீட்டில் அடுத்த கேள்வி, "புத்தகத்துக்கு எவ்வளவு ஆகும்?" சிலர் சென்னைக்கு பஸ் ஏறி கைடுகளை அள்ளி வருகிறார்கள். சிலர், 'தெரிந்தவர் பையன் படித்த புத்தகம் இருக்கிறது' என்று மூட்டையாக வாங்கி வைக்கிறார்கள். இரண்டிலுமே பணம் வீணாக வாய்ப்பு அதிகம்.

ஏனென்று புரிய, பிரேமா படித்த அதே புத்தகங்கள் இன்று உங்கள் கைக்கு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதியபோது ஃபைனலில் 8 தாள். அதனால்தான் 800. இன்று 6 தாள்தான். அவர் படித்தது 1956-ம் வருட கம்பெனிச் சட்டம். இப்போது இருப்பது 2013-ம் வருடச் சட்டம். அவர் காலத்து எக்ஸைஸ், சர்வீஸ் டாக்ஸ், வாட் பாடங்களின் இடத்தில் 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. 1961-ம் வருட வருமான வரிச் சட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அதற்குப் பதிலாகவும் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருடப் புதிய சட்டம். இந்தியாவிலேயே முதல் மதிப்பெண் வாங்கித் தந்த புத்தகங்கள்தான். ஆனாலும், இன்றைய தேர்வுக்கு அவற்றில் பெரும்பகுதி உதவாது.

சி.ஏ-வுக்குப் புத்தகம் வாங்குவதும் கடையில் மருந்து வாங்குவதும் ஒன்று. விலையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்க வேண்டும்.

பழைய புத்தகமா? தாளின் பெயரே சொல்லிவிடும்

சி.ஏ தேர்வுகளை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ, 2023 ஜூலையில் புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 2024-லிருந்து தேர்வு நடக்கிறது. ப்ளஸ் டூ முடித்தவர்கள் எழுதும் ஃபவுண்டேஷனில் 4 தாள்கள்: அக்கவுன்ட்டிங், பிசினஸ் லாஸ், குவான்டிட்டேட்டிவ் ஆப்டிட்யூட், பிசினஸ் எகனாமிக்ஸ். உங்கள் கையில் இருக்கும் சட்டப் புத்தகத்தின் அட்டையில் 'பிசினஸ் கரஸ்பாண்டன்ஸ் அண்ட் ரிப்போர்ட்டிங்' என்றும் சேர்த்து இருக்கிறதா? எகனாமிக்ஸோடு 'கமர்ஷியல் நாலெட்ஜ்' ஒட்டியிருக்கிறதா? இரண்டுமே பழைய திட்டத்துப் புத்தகங்கள்.

இன்டர்மீடியட் புத்தகத்தில் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். இப்போது இரண்டு குரூப், குரூப்புக்கு 3 தாள், மொத்தம் ஆறே தாள். அட்டையில் 'பேப்பர் 7', 'பேப்பர் 8' என்றோ, 'என்டர்பிரைஸ் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்றோ இருந்தால் அது பழையது. விற்பவர் பாதி விலைக்கு இறங்கி வந்தாலும் வேண்டாம்.

இதற்காக செகண்ட் ஹேண்ட் புத்தகமே கூடாது என்று சொல்லமாட்டேன். ஃபவுண்டேஷன் கணிதம், புள்ளியியல், இன்டரின் காஸ்டிங், கூட்டாண்மைக் கணக்குகள் இவற்றுக்கெல்லாம் சீக்கிரம் வயதாவதில்லை. ஒப்பந்தச் சட்டம் 1872-லும் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-லும் வந்தவை. இவற்றில் புத்தகம் பழசானாலும், சிலபஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த அத்தியாயங்களை மட்டும் தனியாகப் படித்துவிடலாம். வரிப் பாடத்தில் மட்டும் பழைய புத்தகத்துக்கு இடமே இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி-யின் 12, 28 சதவிகித அடுக்குகள் மாறியதே உதாரணம். போன வருடம் சரியாக இருந்த விடை இந்த வருடம் தப்பாகிவிடும். வரி, கம்பெனிச் சட்டம், ஆடிட்டிங் மூன்றுக்கும், 'எந்தத் தேர்வுக்கானது' என்று அட்டையில் அச்சடித்த பதிப்பை மட்டும் வாங்குங்கள்.

முதல் புத்தகத்துக்குக் காசே வேண்டாம்

இந்த ஊர்ப்பக்கம் பல பெற்றோருக்குத் தெரியாத விஷயம் இது. கேள்வித்தாள் தயாரிக்கும் ஐ.சி.ஏ.ஐ-யே பாடப் புத்தகத்தையும் எழுதுகிறது. ஃபவுண்டேஷன் முதல் ஃபைனல் வரை எல்லாத் தாள்களின் ஸ்டடி மெட்டீரியலும் அதன் இணையதளத்தில் பி.டி.எஃப்-ஆக இலவசம். பதிவு செய்த மாணவர்கள் அச்சிட்ட புத்தகங்களையும் பெறலாம். இலவச நேரலை வகுப்புகளும் உண்டு.

அதோடு இன்னும் மூன்று இருக்கின்றன. ஒவ்வொரு தேர்வுக்கும் முன்பு வரும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், சுருக்கமாக ஆர்.டி.பி. அந்த முறைக்குப் பொருந்தும் சட்டத் திருத்தங்கள் இதில்தான் இருக்கும். அடுத்தது மாதிரித் தேர்வான மாக் டெஸ்ட் பேப்பர். கேள்விகளை முதலில் வெளியிட்டு, விடைகளைப் பின்னர் தருவார்கள். மூன்றாவது 'சஜஸ்டட் ஆன்ஸர்ஸ்'. முடிந்துபோன தேர்வுகளின் கேள்விகளுக்கு ஐ.சி.ஏ.ஐ-யே எழுதிக் காட்டும் விடைகள்.

என்னைக் கேட்டால், இந்த மூன்றில் தங்கம் கடைசியாகச் சொன்னதுதான். சட்டத் தாளில் ஒரு கேள்விக்கு முதலில் சட்டம் என்ன சொல்கிறது, பிறகு கொடுத்த சம்பவத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது, கடைசியாக முடிவு என்ன என்று வரிசையாக எழுத வேண்டும். விடை தெரிந்தும் இந்த வரிசை தெரியாமல் மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய. எந்த கைடு வாங்கினாலும், அதன் ஒரு விடையையும் ஐ.சி.ஏ.ஐ-யின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைடின் தரம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு...

சி.ஏ தேர்வை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் எழுத முடியும். தமிழில் எழுத வழியில்லை. கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ, கீழே சின்னசேலம், சங்கராபுரம் அரசுப் பள்ளிகளிலோ தமிழில் கணக்குப்பதிவியல் படித்த ஒரு பெண்ணுக்குக் கணக்குப் போட நன்றாகவே வரும். டிரையல் பேலன்ஸ் என்றதும்தான் திகைப்பாள். அதுதான் தனக்குத் தெரிந்த இருப்பாய்வு என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்குத் தனியாக அகராதி தேட வேண்டாம். தமிழக அரசின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகம் தமிழ், ஆங்கிலம் இரண்டு வழியிலும் வருகிறது. இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே பாடம், ஒரே அத்தியாய வரிசை. இரண்டையும் எதிரெதிரே திறந்து வைத்தால் பேரேடு லெட்ஜர் ஆகும், தேய்மானம் டிப்ரிசியேஷன் ஆகும், நற்பெயர் குட்வில் ஆகும், வங்கிச் சரிகட்டும் பட்டியல் பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் ஆகும். ஃபவுண்டேஷன் அக்கவுன்ட்டிங்கின் பெரும்பகுதி இந்த இரண்டு வருடப் பாடத்தின் மேல்தான் எழும்புகிறது. ப்ளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில் இதை முடித்துவிட்டால், பிறகு ஐ.சி.ஏ.ஐ புத்தகத்தைத் திறக்கும்போது பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

உதாரணம் தேடியும் தூரம் போக வேண்டாம். காஸ்டிங்கில் 'ஜாயின்ட் புராடக்ட், பை புராடக்ட்' என்றொரு பாடம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிய வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அரைப்பது கரும்பு; வருவது சர்க்கரை, கூடவே மொலாசஸும் சக்கையும். அரைத்த செலவில் எது எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

வீடியோ கிளாஸ் வாங்கும் முன்...

இன்று சி.ஏ படிப்பில் அதிகச் செலவு புத்தகத்துக்கு இல்லை, வீடியோ வகுப்புகளுக்குத்தான். கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவர்களுக்கு நெட் பிரச்னை இல்லை. மலைமேல் பல கிராமங்களில் சிக்னல் இன்னும் சரியாகக் கிடைப்பதில்லை. ஆன்லைனில் மட்டும் ஓடும் வகுப்பை அங்கிருந்து வாங்கினால், வகுப்பு தொடங்கும். பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். பென் டிரைவில் வரும் வகுப்போ, டவுனுக்கு வரும்போது இறக்கிக்கொண்டு நெட் இல்லாமல் பார்க்கும் வகுப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தாலும், எத்தனை முறை பார்க்கலாம், எத்தனை மாதம் ஓடும், போனிலும் ஓடுமா, லேப்டாப் மட்டும்தானா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வைத் தள்ளிப்போட வேண்டி வந்தால், காலக்கெடு முடிந்த வகுப்புக்கு மறுபடி பணம் கட்டும் நிலை வரும்.

டெலிகிராமில் 'ஃப்ரீ' என்று சுற்றும் கைடு, வகுப்புகளைத் தொடவே வேண்டாம். திருட்டு என்பது ஒரு பக்கம். எந்த வருடத்துச் சட்டத்தைப் படிக்கிறோம் என்றே தெரியாமல் படிப்பது இன்னொரு பக்கம்.

பி.டி.எஃப்-க்கு இந்த வம்பே கிடையாது. டவுன் பஸ் ஸ்டாண்டில் இறக்கினால், வெள்ளிமலையில் சிக்னல் இல்லாமலும் படிக்கலாம். முழுவதையும் பிரின்ட் எடுக்க நினைத்தால் மட்டும் கணக்குப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றாலும் ஆயிரம் பக்கம் ஆயிரம் ரூபாய். அச்சுப் புத்தகமே அதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். பாடத்தைப் போனில் படித்து, ஆர்.டி.பி-யையும் மாக் டெஸ்டையும் மட்டும் பிரின்ட் எடுப்பது நல்ல வழி. போனைப் பார்த்து 3 மணி நேரப் பரீட்சை எழுதிப் பழக முடியாது.

அப்போ கைடே வேண்டாமா?

வேண்டும், ஆனால் முதல் நாளே வேண்டாம். ஐ.சி.ஏ.ஐ புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் முட்டிப் பார்த்துவிட்டு, எங்கே புரியவில்லையோ அந்தத் தாளுக்கு மட்டும் ஒரே ஒரு கைடு. கடையில் அட்டையைப் பார்க்காமல், கூட்டாளி சேர்ப்புக் கணக்கு ஒன்றைத் திறங்கள். விடைக்கு வந்த வழி, அதாவது வொர்க்கிங் நோட்ஸ், படிப்படியாக இருக்கிறதா? இருந்தால் வாங்கலாம். ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் மூன்றுக்கும் சேர்த்து 'காம்போ' என்று நீட்டினால் வாங்கக் கூடாது. பிள்ளை ஃபைனலுக்குப் போவதற்குள் சட்டம் எத்தனை முறை மாறும் என்பதை மேலே பார்த்தோம்.

ஃபவுண்டேஷனில் மூன்றாவது, நான்காவது தாள்கள் கொள்குறி வகை. நான்கு தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். இதற்குத் தடிமனான கைடைவிட, நேரம் வைத்துப் போட்டுப் பார்த்த பழைய கேள்விகள்தான் உதவும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவிகிதம் வேண்டும் என்பதால், பிடித்த பாடத்துக்கு மூன்று புத்தகமும் பிடிக்காத பாடத்துக்கு ஒன்றுமில்லாமலும் வாங்கி வைப்பது ஆபத்து.

சி.எம்.ஏ படிக்க நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். காஸ்ட் அக்கவுன்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அங்கே அட்டையில் 'சிலபஸ் 2022' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சி.ஏ-வும் சி.எம்.ஏ-வும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று ஒன்றின் புத்தகத்தை வைத்து மற்றொன்றை எழுத முயலாதீர்கள்.

இதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்குச் சேலத்தில் ஐ.சி.ஏ.ஐ கிளை இருக்கிறது. போகும்போது எந்த மாதத் தேர்வை எழுதப்போகிறீர்கள் என்பதை முடிவுசெய்துகொண்டு போங்கள். ஃபவுண்டேஷனும் இன்டரும் இப்போது வருடத்துக்கு மூன்று முறை நடக்கின்றன. எந்த முறை என்று தெரிந்தால்தான் எந்தப் பதிப்பு என்று சொல்ல முடியும்.

ஃபைனல் வரை போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. இன்டர் முடித்து, 2 வருட ஆர்ட்டிகல்ஷிப்பும் தாண்டி எழுதும் ஃபைனலில், ஆறாவது தாளுக்குப் புத்தகத்தைத் தேர்வறைக்குள்ளேயே எடுத்துச் செல்லலாம். மேசை நிறையக் கைடு அடுக்குபவர் பக்கம் புரட்டியே நேரத்தைத் தொலைப்பார். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவருக்கு, எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கை தானாகப் போகும்.