மழலை எதுவரை?

சென்ற தவணை முன்பள்ளியொன்றின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஆசிரியை என்னைத் தனியே அழைத்து ஒரு சிறுவனைக் காட்டினார். நான்கு வயது. வந்த புதிதில் ஓயாமல் கதைத்தவன் இப்போது வாய் திறப்பதே இல்லையாம்.

"ஒருநாள் ஓடிவந்து 'தாத்தா வந்தது, தாத்தா வந்தது' எண்டான் மிஸ். நானும் எந்தத் தாத்தா எண்டு படலைப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறன். அவன் அழத் தொடங்கிவிட்டான். பிறகு பார்த்தால் அவன்ரை பணிசைக் காகம் கொண்டு போட்டுது."

காக்கா என்பதைத்தான் அவன் தாத்தா என்றிருக்கிறான். கஞ்சி அவனுக்குத் தஞ்சி, குடை துடை. மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதன்பிறகு அவன் கதைப்பதை நிறுத்திக்கொண்டான்.

அன்று பின்னேரம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். தாய் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கணவர் விட்டுப்போய் இரண்டு வருடம். 2009 இல் தனது 13 ஆவது வயதில் தகப்பனையும் ஒரே அண்ணனையும் முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்து, தாயுடன் செட்டிகுளம் முகாமுக்குப் போய் மீண்டவர். "அவன் சொல்லுறதெல்லாம் எனக்கு விளங்குது தானே மிஸ், பிறகென்ன?" என்றார்.

அம்மம்மா குசினிக்குள் இருந்தே பதில் சொன்னார். "பிள்ளை, இவளின்ரை தமையனும் அஞ்சு வயசு மட்டும் இப்பிடித்தான் கொன்னை. அவனும் காக்காவைத் தாத்தா எண்டுதான் சொன்னவன். பிறகு அவன்ரை வாயை மூட ஏலாமல் இருந்தது."

போன மகனின் குரலைப் பேரனின் வாயில் கேட்டுக்கொண்டிருக்கிறார் அந்தத் தாய். அதைத் திருத்தவேண்டும் என்று எப்படிச் சொல்வது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வாறகிழமை வாறன்" என்று எழும்பி வந்துவிட்டேன்.

எனக்குத் தயக்கம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீள்குடியேறிய கிராமமொன்றில் ஒரு பெண்பிள்ளையை இப்படித்தான் காட்டினார்கள். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். திரும்பினாள். "காது நல்லாய்க் கேட்குது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ அக்கா" என்று தாயிடம் சொன்னேன். தாயும் என்னை நம்பிப் பொறுத்தார். முதலாம் ஆண்டில் அவளைக் கடைசி வாங்கில் இருத்தி, மந்தமான பிள்ளை என்று முடிவு கட்டிய பிறகுதான் காதைப் பரிசோதித்தார்கள். இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. இரு காதிலும் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோலத்தான் அவளுக்கு உலகம் கேட்டிருக்கிறது. கைதட்டல் கேட்கும், தட்டு விழுந்தால் கேட்கும். 'பல்' என்பதற்கும் 'கல்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கேட்காது. சமூகவியல் பட்டத்துடன் போன நான் அந்தப் பிள்ளையின் ஒன்றரை வருடத்தைத் தின்றுவிட்டேன். தாய் இன்றும் என்னைக் கண்டால் சிரிப்பார். எனக்குத்தான் முகம் பார்க்க முடிவதில்லை.

ஆகவே யாராவது "பொறுத்துப் பார்" என்று சொன்னால், சொல்பவர் நானாக இருந்தாலும், காது பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். அடிக்கடி தடிமன் பிடிக்கும், காதால் சீழ் வடியும் பிள்ளையென்றால் கட்டாயம் கேளுங்கள்.

எல்லா மழலையும் குறைபாடு அல்ல. சில ஒலிகள் பிந்தித்தான் வரும். ரகரம் யகரமாகி மரம் 'மயம்' ஆவது சின்ன வயதில் சாதாரணம். ழகரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். எமது ஊர்களில் பெரியவர்களே வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்கிறோம், பிள்ளை மட்டும் எப்படிச் சொல்லும்? ஆனால் பேச்சுச் சிகிச்சையாளர்கள் சொல்லும் ஒரு பருமட்டான கணக்கு இருக்கிறது. பிள்ளையைப் பழக்கமில்லாத ஒருவருக்கு, அது சொல்வதில் இரண்டு வயதில் ஏறக்குறைய அரைவாசியும், மூன்று வயதில் முக்கால்வாசியும், நான்கு வயதில் அநேகமாக முழுவதும் விளங்கவேண்டும்.

பழக்கமில்லாத ஒருவருக்கு என்பதைக் கவனியுங்கள். பெற்றவளுக்கு விளங்குவது கணக்கில் இல்லை. 'தஞ்சி' என்றதும் கோப்பையை எடுத்து நீட்டுகிறோம். பிள்ளைக்கும் உலகத்துக்கும் இடையில் நாமே மொழிபெயர்ப்பாளராய் நிற்கிறோம், நிற்பது எமக்கே தெரிவதில்லை. கடைக்காரரிடம் பிள்ளையைக் கேட்கவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் நின்று பாருங்கள்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, கதைத்துக்கொண்டிருந்து பேச்சை இழந்த பிள்ளை ஆகியோருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, உடனே காட்டவேண்டும்.

அடுத்த கிழமை போனபோது தாய் உண்மையைச் சொன்னார். "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊமை, மூளை சரியில்லை எண்டு எழுதிப்போடுவினம் மிஸ். பிறகு பள்ளிக்கூடத்திலை எடுப்பினமோ?" கொஞ்சம் பொறுத்து, "இவன் வயித்திலை இருக்கேக்கை நான் சரியான அழுகை. அதாலையோ?" என்றும் கேட்டார். இந்தக் கேள்வியை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! இல்லை தங்கச்சி, என்றேன். இப்படிக் கதைக்கும் பிள்ளைகளில் அநேகருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடிவதில்லை. அழுகைக்கும் 'க' வராததற்கும் தொடர்பில்லை.

மூளையைப் பற்றிய பயத்துக்கும் அவனே பதில். சொல்வதெல்லாம் விளங்குகிறது, சைகையால் கதை சொல்கிறான், தாயின் தொலைபேசியைத் திறக்கும் இலக்கமும் தெரியும். நாக்கு ஒலியின் இடத்தைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பழக்கலாம்.

கிளினிக் புத்தகத்துடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் போகச் சொன்னேன். அங்கிருந்து வைத்தியருக்கும், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும், பேச்சுச் சிகிச்சைக்கும் கடிதம் வாங்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை. பஸ் காசும் ஒருநாள் சம்பளமும் போகும் என்பதை மறைக்கவில்லை. தமிழில் கதைக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் எமது பகுதிகளில் மிகக் குறைவு. திகதி கிடைக்கப் பிந்தும், ஆகவே முந்திப் பதிவது நல்லது.

அதுவரை வீட்டில் என்ன செய்வது? "சரியாய்ச் சொல்லு" என்று வருத்தக்கூடாது, சிரிக்கவும் கூடாது. அவன் 'தாத்தா' என்றால், "ஓம், காக்கா. காக்கா பறக்குது" என்று நாம் தெளிவாய்ச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதால் ஒலி திருந்தாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தொட்டுவைப்பது ஆபத்தும்கூட.

அம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அவனை ஒருத்தரும் சிரிக்கேல்லை பிள்ளை" என்றார். மகனைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. "இவனைச் சிரிக்கினம் எண்டால் கொண்டு போங்கோ."

காது இரண்டும் நன்றாக இருந்தன. பேச்சுச் சிகிச்சை தொடங்கி இரண்டு மாதம். படங்களையும் விளையாட்டுச் சாமான்களையும் வைத்து விளையாட்டுப்போலத்தான் செய்கிறார்களாம்; பிறகு வீட்டில் நாளாந்தம் பத்து நிமிடம் பழக்கவேண்டும். தாய் வேலையால் வரப் பொழுதுபட்டுவிடும் என்பதால் பழக்குவது அம்மம்மாதான். கடைசியாகப் போனபோது முற்றத்தில் இருவரும் இருந்து காகத்துக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்துத் தரம் சொன்னதில் நாலு தரம் காக்கா, மிச்சம் தாத்தா. தாத்தா வந்த தரமெல்லாம் அம்மம்மாவும் அவனும் சேர்ந்து மறுபடி சொன்னார்கள்.